இலகு குதிரைப்படையும் கனரகக் குதிரைப்படையும் (ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2)

இலகு குதிரைப்படை, கனரகக் குதிரைப்படை என்பன ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2 என்னும் நிகழ்நேர வியூகக் கணினி விளையாட்டில் இடம்பெறும் இரு படைப்பிரிவுகள் ஆகும். 1999இல் வெளிவந்த இவ்விளையாட்டைப் பலர் இணையவழியில் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுகின்றனர். கனரகப் பிரிவின் அடிப்படை வீரர் நைட் எனப்படுகிறார்.

ஒப்பீடு

இலகு குதிரை வீரர் ஒருவரை உருவாக்க 80 உணவு போதும், பொன் தேவையில்லை. அவருடைய உயிர்ப்புள்ளிகள் 60, தாக்குதிறன் 7. நைட்டுக்கு 60 உணவுடன் 75 பொன்னும் செலவாகும். உயிர்ப்புள்ளிகள் 100, தாக்குதிறன் 10. நேருக்கு நேர் மோதினால் நைட்டே வெல்வார். ஆயினும் இவ்வெண்களைக் கொண்டு இலகு படையைக் குறைவாக மதிப்பிடுவது பொருந்தாது. அது விரைவாகச் செல்லும்; உளவு பார்க்கவும், வீரர்களைத் தம் பக்கம் மாற்றிவிடும் எதிரித் துறவிகளைத் தாக்கவும் ஏற்றது. நெடிய ஆட்டத்தில் பொற்சுரங்கங்கள் வற்றிய பின்னர் நைட்டுகளை உருவாக்குவது அரிதாகிவிடும். வயல்கள் இருக்கும்வரை இலகு குதிரைப்படையைத் திரட்டிக்கொண்டே இருக்கலாம். மலிவான ஈட்டி வீரர் இரு பிரிவுக்கும் பகைவரே; எனினும் அவரிடம் நைட்டை இழப்பதே பெரிய நட்டம்.

திராவிடர் நாகரிகம்

2022 ஏப்ரலில் வெளியான டைனஸ்டீஸ் ஒவ் இந்தியா என்னும் விரிவாக்கத்தில் திராவிடர் நாகரிகம் சேர்க்கப்பட்டது. முதலாம் இராசேந்திர சோழனைப் பற்றிய ஆட்டத்தொடரும் அதில் உண்டு. இந்நாகரிகத்துக்கு நைட் கிடையாது. இலகு குதிரைப்படையும் போர்யானைகளும் உண்டு. வூட்ஸ் எஃகு என்னும் தொழில்நுட்பத்தைப் பெற்றபின் இதன் காலாட்படையும் குதிரைப்படையும் எதிரியின் கவசத்தை ஊடுருவித் தாக்கும்.

வரலாற்றுப் பின்னணி

நைட் இல்லாமை வரலாற்றோடு ஒத்துப்போகிறது. தமிழகம் நல்ல போர்க்குதிரைகள் வளரும் நாடன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் பெருவிலைக்கு வாங்கப்பட்டதையும், முறையான பராமரிப்பின்றி அவற்றுள் பெரும்பாலானவை இறந்ததையும் குறிப்பிடுகிறார். யானைக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு மேற்கேயுள்ள மலைக்காடுகளில் அவை இன்றும் வாழ்கின்றன. 2021இல் இக்காடுகளை உள்ளடக்கித் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. (இராஜபாளையத்தின் பெயரிலுள்ள 'பாளையம்' என்னும் சொல்லும் படை தங்குமிடத்தையே குறிக்கும்.) ஆட்டத்தில் திராவிடரின் போர்யானை நைட்டை விட மெதுவாகவே நகரும், ஆனால் மிகுந்த அடி தாங்கும்.