குன்றடியில் ஒரு குடித்தனம்

புனே நகரின் மேற்குப் பகுதியில் வேதாள் டேக்டி என்னும் குன்று நீண்டு கிடக்கின்றது. ‘டேக்டி’ என்பது குன்றுக்கு மராத்தியர் இட்ட பெயர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,600 அடி உயரமுள்ள இதன் உச்சியே நகரின் மிக உயர்ந்த இடமாகும். இக்குன்றின் அடிவாரத்தில் லா காலேஜ் சாலை, பிரபாத் சாலை, பண்டார்கர் சாலை ஆகியவற்றை ஒட்டிய தெருக்களில் நம்மவர் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. ராஸ்தா பேட்டையில் முன்னாளில் குடியேறிய தமிழருக்கு, அடுத்த வீட்டு மாமியே பாதி ஊராக இருந்தார். இங்கோ, மாடியில் திரைப்பட மாணவர், கீழ்த்தளத்தில் வடமொழி ஆய்வாளர், எதிர்வீட்டில் நாடகக்காரர் என்று அக்கம்பக்கம் அமைகின்றது.

இந்தக் கலவை தற்செயலாக நேர்ந்ததன்று. 1917இல் பண்டார்கர் கீழைக்கலை ஆய்வு நிறுவனம் தோன்றியது. மகாபாரதத்தின் திருந்திய பதிப்பை 1919இல் தொடங்கி 1966இல் நிறைவேற்றியது அதுவே. அப்பதிப்புக்காகத் தென்னாட்டுக் கிரந்த ஏடுகளும் ஒப்பிடப்பட்டன. தஞ்சாவூரிலும் அப்பணி நடந்தது. 1924இல் சட்டக் கல்லூரி எழுந்தது. 1933இல் பிரபாத் படக் கம்பெனி கோலாப்பூரிலிருந்து இங்கு வந்தது. அது மறைந்தபின், அதே நிலத்தில் 1960இல் அரசினர் திரைப்படக் கல்லூரி தொடங்கினர். ஏடும் சட்டமும் படச்சுருளும் ஒரே சாலையில் கூடிய இடம் இது.

நமக்கு முன்னரே இங்கு வந்து வாழ்ந்த தமிழரை நினைவிற்கொள்வது நலம். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்ததும் அச்சங்கத்தின் தலைமை அவரிடம் வந்தது. மராத்தியர் நிறுவிய சங்கத்திற்குத் தமிழர் ஒருவர் தலைவரானது சிறு செய்தி அன்று. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா, கடல் கடந்து வந்து இத்திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, 1969இல் தங்கப் பதக்கத்துடன் வெளியேறினார். இருவரும் இங்கே அயலாராகத்தான் வந்தனர்.

நம் இல்லங்களின் கவலைகள் இவற்றினும் எளியவை. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்திற்கே. ஆண்டு திரும்புமுன் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற எண்ணம் எழும். மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்க மறுக்கும். ஆடி மழையில் துணி உலராது. பகல் ஒரு மணிக்குக் கதவடைக்கும் கடைக்காரர் நான்கு மணிக்கே திறப்பார். இவையெல்லாம் பழகிவிடும். பழகாமல் நிற்பது ஒன்றுண்டு: எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், ‘இவர்கள் ஊர்’ என்றே நாம் பேசுகிறோம்.

இங்கே மொழியே நமக்கு வழிகாட்டுகின்றது. தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் சேரமாட்டார். ‘நாம்’ என்றால் அவரும் சேர்வார். இந்தியில் இல்லாத இவ்வேறுபாடு மராத்தியில் உண்டு. ‘ஆம்ஹி’ என்பது நாங்கள். ‘ஆபண்’ என்பது நாம். அக்கா, அண்ணா என்னும் சொற்களும் அவர்கள் வீட்டில் புழங்குவனவே. இந்தியை வைத்துக் காலந்தள்ளுவோர் பலர். ஆனால் ‘ஆபண்’ என்று சொல்லத் தெரிந்தவருக்கே அண்டை வீட்டுக் கதவு முழுதும் திறக்கும். நம் குழந்தைகள் தெருவில் விளையாடியே இதைக் கற்றுக்கொண்டனர். பெற்றோராகிய நாம்தான் பின்தங்கி நிற்கின்றோம்.

மராத்தி கற்றால் தமிழ் மங்கிவிடுமோ என்று அஞ்சுவோர் தஞ்சையைப் பார்க்கட்டும். 1670களில் அங்கு சென்ற மராத்திய மன்னர் குலம் 1855 வரை அரசாண்டது. தம் மொழியை அவர்கள் விட்டுவிடவில்லை. 1803இல் பெரிய கோயில் சுவரிலேயே தம் குல வரலாற்றை மராத்தியில் பொறித்தனர். அதே வேளையில் தமிழ் ஏடுகளையும் சரசுவதி மகாலில் போற்றிக் காத்தனர். வந்த ஊரின் செல்வத்தைக் காத்தவர்கள் தம் செல்வத்தையும் இழக்கவில்லை. அந்தக் கடனை மராத்திய மண்ணில் திருப்பித் தரும் வாய்ப்பு நமக்கு வாய்த்துள்ளது.

அதற்கு இக்குன்றே களம். பழைய கல்குவாரிப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி நிற்கும், மயில்கள் அகவும், விடியலில் முதியோரும் மாணவரும் ஏறி இறங்குவர். சரிவின் ஊடே பாலபாரதியிலிருந்து பௌட் சாலைப் பிரிவு வரை ஒரு சாலை அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது. குன்றைக் காக்க வேண்டுமென்று 2023 ஏப்ரலில் மக்கள் பெருந்திரளாக ஊர்வலம் சென்றனர். போக்குவரத்து நெரிசலும் மெய்யே. அதற்கு வழி தேடுவோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் குன்று ஒருமுறை வெட்டுண்டால் மீண்டும் வளராது. இதில் எக்கருத்து உடையவராயினும், ‘வாடகைக்கு இருப்பவர்க்கு இதில் என்ன?’ என்று நாம் ஒதுங்குவது தகாது. இக்குன்றின் காற்றை நம் பிள்ளைகளும் மூச்சிழுக்கின்றனர் அன்றோ?

ஆகவே, அன்பர்களே, வரும் ஞாயிறு காலை குடும்பத்துடன் டேக்டி ஏறுங்கள். மேலே சந்திக்கும் முதியவரிடம் நாலு சொல் மராத்தியில் பேசுங்கள். பிழை நேர்ந்தால் அவரே திருத்துவார். வீடு திரும்பியதும் பிள்ளைகளோடு தமிழில் அதைப் பேசி மகிழுங்கள்.