டிவி இருண்டால் பேனலைப் பழிக்காதீர்கள்

சீரியல் வசனம் தெளிவாகக் கேட்கிறது, திரை மட்டும் கருப்பு. ரிமோட்டை அழுத்தினால் சேனல் மாறுவதும் காதில் விழுகிறது. எல்.இ.டி. டிவி உள்ள வீடுகளில் அடிக்கடி வரும் கோளாறு இது. "பேனல் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்ற தீர்ப்பும் சட்டென்று வந்துவிடும். பேனலின் விலை புது டிவியின் விலையை நெருங்குவதால் அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பழுது பவர் சப்ளை போர்டில் இருக்கிறதா என்று பார்க்காமலே நல்ல டிவிகள் பழைய சாமான் கடைக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

டிவியைத் திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியை ஆன் செய்யுங்கள். செல்போன் டார்ச்சைத் திரையை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். வெளிச்சம் படும் இடத்தில் மெனு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் வேலை செய்கின்றன என்று பொருள். பேனலில் உள்ள திரவப் படிகங்கள் தாமாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விடுவதும் மறைப்பதும்தான் அவற்றின் வேலை. அந்த வெளிச்சத்தைத் தருவது பேக்லைட். டிவி இழுக்கும் கரண்டில் பெரும்பங்கு அதற்கே போவதால், பவர் சப்ளை பலவீனமானால் அது பெரும்பாலும் இங்கேதான் தெரியும். (ஓ.எல்.இ.டி. திரை தானே ஒளிர்வது. இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.)

பவர் சப்ளை போர்டில், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றினால் சுமார் 325 வோல்ட் கிடைக்கும். பெரிய டிவிகளில் அதை 390 வோல்ட் அளவுக்கு மேலும் ஏற்றுகிறார்கள். பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 5, 12, 24 வோல்ட் என்று இறக்குகிறார்கள். இப்படித் துண்டு துண்டாக வருவதைச் சீராக்கிக் கொடுப்பது எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். விட்டு விட்டு வரும் குழாய்த் தண்ணீரைச் சேர்த்து வைத்து ஒரே சீராக இறக்கும் மாடித் தொட்டியின் வேலை அது.

அதற்குள் சுருட்டப்பட்ட அலுமினியத் தகடும் ரசாயன நீர்மத்தில் ஊறிய காகிதமும் இருக்கின்றன. சூட்டில் நீர்மம் வற்ற வற்ற உள்தடை ஏறுகிறது. உள்ளே வாயு சேர்ந்து, கீறல் போட்ட தலைப்பகுதி உப்பிக்கொள்ளும். சிலவற்றில் பழுப்பாகக் கசிந்திருக்கும். 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், நீர்மத்தின் கலவை சரியில்லாத கெபாசிட்டர்களால் உலகெங்கும் கம்ப்யூட்டர்களும் டிவிகளும் இப்படிப் படுத்தன.

கெபாசிட்டரின் உடம்பில் 85 அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வெப்பத்தில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். டிவிக்குள் 65 டிகிரி சூடு, தினம் 5 மணி நேரம் ஓடுகிறது என்றால், 105 டிகிரி கெபாசிட்டர் 17 ஆண்டு தாங்கும். 85 டிகிரி வகையோ ஐந்தாவது ஆண்டைத் தாண்டாது. ரிமோட்டில் அணைத்தாலும் ஸ்டாண்ட்பை பகுதி இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. சுவர் ஸ்விட்சை அணைப்பது கரண்டை மட்டுமல்ல, அந்தப் பகுதியின் கெபாசிட்டரையும் மிச்சப்படுத்தும்.

காலையில் ஆன் செய்தால் சிவப்பு லைட் சிமிட்டிக்கொண்டே இருந்து, வெகுநேரம் கழித்துப் படம் வருகிறதா? கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள். குளிர்ந்திருக்கும்போது அதன் உள்தடை அதிகம். சூடேறினால் கொஞ்சம் இறங்கும். நாள்பட நாள்பட அந்தக் காத்திருப்பு நீளும்.

மல்டிமீட்டர் இங்கே ஏமாற்றக்கூடும். போர்டைத் தனியாகக் கழற்றி அளந்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும். பேக்லைட் எரிய வேண்டிய நொடியில், சுமை ஏறும்போதுதான் அது 9க்கோ 8க்கோ சரியும். அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் டிவி ஓடும்போதே அளப்பது அதனால்தான்.

படம் ஒரு நொடி தெரிந்து உடனே இருண்டால் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பையும் பார்க்க வேண்டும். அதில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இருப்பதால், ஒன்று அறுந்தாலும் அந்த வரிசைக்குக் கரண்ட் போகாது. கோளாறை உணர்ந்து டிரைவர் சர்க்யூட் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஸ்ட்ரிப்பையும் மாற்ற முடியும். ஆனால் பேனலைக் கழற்றித் தூக்கும் வேலை என்பதால் பழகிய கை வேண்டும்.

எக்காரணம் கொண்டும் பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

டார்ச் சோதனையில் கண்டதை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். பேனல் போச்சு என்றால், பவர் சப்ளையைச் சுமையோடு அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். கெபாசிட்டரை மாற்றினால் அதே மைக்ரோஃபாரட், குறையாத வோல்ட், 105 டிகிரி வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.