நோனிச் சாறும் எலிச் சோதனையும்

நம் தீவுகளின் கடற்கரையோரம் தானாக வளர்ந்து நிற்கும் நோனி மரத்தை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். ஊரில் நாம் மஞ்சணத்தி, நுணா என்று சொல்லும் மரத்துக்கு நெருங்கிய உறவு இது. நிக்கோபார் மக்கள் இதன் பழத்தை நெடுங்காலமாக உண்டு வருகிறார்கள், மருந்தாகவும் கொள்கிறார்கள். இப்போது சாறு பாட்டிலிலும் கிடைக்கிறது. "இயற்கைதானே, என்ன செய்துவிடும்?" என்று வாங்குகிறோம். அந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடம் எப்படி விடை தேடுகிறது?

ஒரு மூலிகைச் சாற்றை முதலில் எலிகளுக்கு ஒரே வேளையில் கொடுக்கிறார்கள். உலக அளவில் வழங்கும் ஒரு முறைப்படி, ஒரு கட்டத்துக்கு 3 எலிகள். உடல் எடையில் கிலோவுக்கு 5, 50, 300, 2000 மில்லிகிராம் என்ற படிகளில் ஒன்று. பிறகு 14 நாள் கவனிப்பு. பாதி எலிகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்க ஏராளமான பிராணிகளைப் பலியிட்ட பழைய முறை 2002-இல் சர்வதேச விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்து 28 நாள், 90 நாள் தினமும் கொடுத்து இரத்தம், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் பரிசோதிக்கிறார்கள். நம் நாட்டில் இதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.

பாலம் தாங்கக்கூடிய முழு எடையையும் அதன்மீது ஏற்ற ரயில்வேயில் எங்களை விடமாட்டார்கள். இங்கும் அப்படியே. எலிக்குத் தீங்கு செய்யாத அளவைப் பொதுவாக 100-ஆல் வகுக்கிறார்கள். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு 10.

நோனிச் சாறும் எலிச் சோதனையில் தேறியதுதான். 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை விற்க அனுமதித்தது. ஆனால் மற்றப் பழச்சாறுகளுக்கு மேலான சிறப்புப் பலன் எதற்கும் ஆதாரமில்லை என்று அதன் அறிவியல் குழு 2002-லேயே சொல்லிவிட்டது. 2005-இல் ஆஸ்திரியாவில் நோனி குடித்த சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவர்கள் எழுதினார்கள். ஒருவருக்கு ஈரல் மாற்று சிகிச்சையே நடந்தது. மறுபடி ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், சாறு காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று 2006-இல் கூறியது. எனினும் சிலருக்கு மட்டும் ஒவ்வாமல் போகலாம் என்று 2009-இல் சேர்த்துச் சொன்னது.

அந்தச் சிலரை ஆரோக்கியமான எலிகளிடம் காண முடியாது. நோனிச் சாற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதுபட்ட ஒருவருக்கு அதனாலேயே இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதாக 2000-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. பழத்துக்குச் செய்த சோதனை வேருக்கும் இலைக்கும் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிறுநீரகம், ஈரல் கோளாறு உள்ளவர்களும் நாள்தோறும் மருந்து சாப்பிடும் பெரியவர்களும் பாட்டிலை மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே குடியுங்கள்.