உங்களுக்குத் தெரியுமா? – லெனின்கிராட் முற்றுகையும் ஓர் இடுகாடும்

இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான் அன்றைய லெனின்கிராட். ஹிட்லரின் படை அதை 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை வளைத்து நின்றது. நகரின் வடக்கு எல்லையில் 1939இல் தொடங்கிய சாதாரண இடுகாடு பிஸ்கார்யோவ்ஸ்கோயே. முற்றுகை முடிவதற்குள் அங்கே ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் புதைத்துவிட்டார்கள். பெரும்பாலோர் பொதுமக்கள். குண்டைவிடப் பசிதான் அதிகம் பேரைக் கொன்றது.

*

1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் ஒரு நாள் ரேஷன் 125 கிராம் ரொட்டி. அதுவும் முழு மாவு இல்லை. மரக்கூழும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் கலந்தது. நம்மூரில் மாட்டுக்கு வைக்கிற அதே பிண்ணாக்கு!

*

அந்தக் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போனதால் மண்ணில் கடப்பாரை இறங்கவில்லை. வெடி வைத்துப் பிளந்து, இயந்திரத்தால் நீளப் பள்ளங்கள் தோண்டினார்கள். தனிக்குழி வேண்டுமா? வெட்டுபவர் கேட்ட கூலி ரொட்டி. இருப்பதே 125 கிராம், அதில் எதைக் கொடுப்பது? பிள்ளைகள் பனியில் விளையாடும் சறுக்குவண்டியில், போர்வை சுற்றிய உடலைக் கட்டி இழுத்துவந்து இடுகாட்டிலேயே விட்டுப் போனவர்கள் ஏராளம். 1942 பிப்ரவரி 20, ஒரே நாளில் இங்கே வந்தவை 10,043 உடல்கள்.

*

பிஸ்கார்யோவ்ஸ்கோயேயில் மொத்தம் 186 பொதுக்குழிகள். அவற்றின் கற்களில் பெயர் இல்லை, ஆண்டு மட்டும்தான். ராணுவத்தினர் என்றால் நட்சத்திரம், பொதுமக்கள் என்றால் அரிவாள் சுத்தியல். பார்க்க வருகிறவர்கள் பூவோடு ரொட்டித் துண்டும் மிட்டாயும் வைக்கிறார்கள்.

*

இந்த இடுகாட்டை நினைவிடமாகத் திறந்தது 1960 மே 9. அங்குள்ள கற்சுவரின் வரிகளை எழுதியவர் கவிஞர் ஓல்கா பெர்க்கோல்ட்ஸ். முற்றுகைக் காலத்தில் லெனின்கிராட் வானொலியில் ஒலித்த குரல் அவருடையது. அவர் கணவரும் 1942இல் அந்த நகரில்தான் இறந்தார். இந்த வேலைக்கு வேறு ஆளைத் தேடியிருக்க முடியாது.

*

புதைத்து மாளாமல், 1942 மார்ச்சில் நகரின் தெற்கே இருந்த ஒரு செங்கல் தொழிற்சாலையின் சூளைகளில் உடல்களை எரிக்கத் தொடங்கினார்கள். எரிந்தவை லட்சத்துக்கும் மேல். போர் முடிந்த கையோடு அந்த இடத்தைப் பூங்கா ஆக்கி, ‘வெற்றிப் பூங்கா’ என்று பெயரும் வைத்தார்கள். அங்கே இறந்தோருக்கென்று ஒரு நினைவுச் சிலுவை நட 1990கள் வரை ஆயிற்று.