பறக்கும் பலகைக்கு ஏன் கயிறு?

வா கண்ணா, வா கண்ணம்மா! இன்றைக்குப் பசிபிக் பெருங்கடல் வரைக்கும் போய்வரலாம். அங்கே ஹவாய்த் தீவுகளில் ஒன்று மாவி. அதன் வடகரையில் நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஒருவர் பலகைமேல் நிற்கிறார். கையில் காற்றடைத்த பெரிய இறக்கை. பலகையோ தண்ணீரைத் தொடவே இல்லை! அலைக்கு மேலே எழும்பி, சத்தமில்லாமல் போகிறது.

இந்த விளையாட்டுக்கு விங் ஃபாயில் என்று பெயர். ரொம்பப் புதிய விளையாட்டு. இதற்கான இறக்கைகள் 2019 வாக்கில்தான் கடைக்கு வந்தன.

“பலகை எப்படி மேலே எழும்புகிறது?” என்றுதானே கேட்கிறாய்? சபாஷ், கேட்க வேண்டிய கேள்விதான். பலகைக்கு அடியில் ஒரு தூண் நிற்கிறது. அதை மாஸ்ட் என்பார்கள். தூணின் அடியில், விமானத்துக்கு இருப்பதுபோலவே முன்னால் ஓர் இறக்கை, பின்னால் ஒரு சின்ன இறக்கை. இவை தண்ணீருக்குள்ளேயே இருக்கும். இதுதான் ஃபாயில். வேகமாகப் போகும்போது ஃபாயில் தண்ணீரைக் கீழே தள்ளும். தண்ணீர் பதிலுக்கு ஃபாயிலை மேலே தள்ளும். பலகையும் ஆளும் சேர்ந்து எழும்புவார்கள்.

ஒரு விந்தை சொல்லட்டுமா? கையில் இருக்கும் இறக்கை 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள். தண்ணீருக்குள் இருக்கும் இறக்கை 0.2 சதுர மீட்டர்கூட இருக்காது. 25 மடங்குக்கும் மேல் சின்னது! அது எப்படி ஓர் ஆளைத் தூக்கும்? தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான். கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார். புரிந்ததா? சரி, மேலே போவோம்.

புதிதாகக் கற்பவர்களுக்குப் பெரிய பலகை கொடுப்பார்கள். கணக்கு எளிது. 1 லிட்டர் இடத்தை அடைக்கும் பொருளைத் தண்ணீர் ஏறக்குறைய 1 கிலோ அளவுக்குத் தாங்கும். உன் எடை 40 கிலோ, பலகையும் மற்றச் சாமான்களும் 10 கிலோ என்றால், 70 லிட்டர் பலகை உன்னைச் சுமந்துகொண்டு மிதக்கும். மீதி 20 எதற்கு? நீ தள்ளாடாமல் ஏறி நிற்பதற்கு!

கரையிலேயே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. ஃபாயிலின் திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்க்க வேண்டும். இறக்கையின் முன்விளிம்புக் குழாயில், அதன்மேல் அச்சடித்திருக்கும் அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். காற்று குறைந்தால் குழாய் வளைந்துபோகும். வடிவம் கெட்ட இறக்கை ஒழுங்காக இழுக்காது.

பிறகுதான் கயிறுகள். லீஷ் என்று சொல்வார்கள். இரண்டு லீஷ் உண்டு. ஒன்று இறக்கையை உன் மணிக்கட்டோடு அல்லது இடுப்போடு கட்டும். இன்னொன்று பலகையைக் காலோடு அல்லது இடுப்போடு கட்டும்.

“எனக்கு நன்றாக நீந்தத் தெரியுமே, கயிறு எதற்கு?” என்கிறாயா? அப்படியானால் ஒரு சோதனை செய்வோம். வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடு. காலித் தண்ணீர் பாட்டில் இரண்டு எடு. ஒன்றில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் நிரப்பு. இன்னொன்று காலியாகவே இருக்கட்டும். இரண்டையும் நன்றாக மூடி, அகலமான தொட்டியில் மிதக்க விடு. இப்போது விசிறியால் வீசு. எது ஓடுகிறது?

காலி பாட்டில்தான்! அதன் உடல் ஏறக்குறைய முழுவதும் தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. காற்று பிடித்துத் தள்ளுகிறது. தண்ணீர் அதிகம் தடுப்பதில்லை. நிறைந்த பாட்டிலோ தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கிறது. அதைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது.

கடலில் விழுந்த மனிதர் அந்த நிறைந்த பாட்டில். தலை மட்டும்தான் வெளியே தெரியும். இறக்கையோ காலி பாட்டில். கயிறு இல்லாவிட்டால் அது அலைமேல் உருண்டு ஓடிவிடும். நீச்சலில் பரிசு வாங்கியவர்களால்கூடத் துரத்திப் பிடிக்க முடியாது. கயிறு அறுந்து இறக்கை போய்விட்டால் போகட்டும், விட்டுவிட வேண்டும். பலகையில் ஏறிப் படுத்துக் கையால் துழாவிக் கரைக்கு வர வேண்டும். கடலில் உன்னைச் சுமக்கும் தோழன் பலகைதான். அதைவிட்டு நீந்திப் போகவே கூடாது.

பலகைக்குக் கட்டும் லீஷ் பெரும்பாலும் சுருள் சுருளாக இருக்கும். நேரான நீளக் கயிறு தண்ணீரில் இழுபட்டு வேகத்தைக் குறைக்கும், ஃபாயிலிலும் சிக்கிக்கொள்ளும். சுருள் கயிறு தேவைப்பட்டால்தான் நீளும். நீண்ட கயிறு சட்டென்று சுருங்கினால் பலகை உன் பக்கமே பாய்ந்து வரலாம், அதுதான் இதில் உள்ள ஆபத்து. ஃபாயிலின் விளிம்பு கூர்மையானது. அதனால் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் இல்லாமல் இறங்கக் கூடாது. விழும்போது பலகையைவிட்டு எட்ட விழ வேண்டும். மேலே வரும்போது ஒரு கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வர வேண்டும்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கட்டலாமா? கூடாது. ஓடும் ஆற்றில் கயிறு ஒரு கிளையில் மாட்டினால், வெள்ளம் ஆளைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். அங்கே காலில் கட்டாமல் இடுப்பில் கட்டுவார்கள். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பூட்டும் அதில் இருக்க வேண்டும். காப்பாற்றுகிற கயிறே சில இடத்தில் கண்ணியாகும், பார்த்தாயா?

லீஷின் பட்டையில் வெல்க்ரோ இருக்கும். அதில் மணல் அடைந்தால் பிடி தளரும். கழுவிவிட்டு, ஒட்டி, இழுத்துப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனாலும் நான் இதில் கண்டிப்பானவன்!

இனி காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுக்கும் விசை நான்கு மடங்காகும். எனவே பலத்த காற்றுக்குச் சின்ன இறக்கை. காற்றின் திசை அதைவிட முக்கியம். மறுபடி மாவிக்கு வா. அங்கே 3,055 மீட்டர் உயரமான ஹலேயாகலா எரிமலை ஒரு பக்கம், மேற்கு மாவி மலைகள் மறுபக்கம். வடகிழக்குக் காற்று இவற்றின் நடுவே புகுந்து வேகம் பிடிக்கும். வடகரையில் அது கடலிலிருந்து தீவின் பக்கம் வீசுகிறது. தடுமாறினால் கரைக்கே வந்து ஒதுங்கலாம். தெற்கே மாலயா விரிகுடாவிலோ அதே காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. அங்கே தடுமாறினால் ஆளையும் பலகையையும் சேர்த்தே நடுக்கடலுக்கு ஓட்டிப் போகும். ஒரே நாள், ஒரே காற்று!

நடுவில் காற்று நின்றுபோனால்? பலகைமேல் அமர்ந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். ‘உதவி வேண்டும்’ என்பதற்கு உலகம் முழுக்க இதே சைகைதான். மெரினாவிலோ ராமேஸ்வரத்திலோ யாராவது இப்படிக் கையசைத்தால் பதிலுக்கு டாட்டா காட்டிவிடாதே! நீயும் கடலில் குதிக்காதே. பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் ஓடிச் சொல். இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554.