படி ஏறினேன்... பயம் இறங்கியது!

'நம்ம உடம்புக்கு இவ்வளவுதாங்க முடியும்!' - இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? எனக்கு எண்ணிப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் பையனுக்கு எட்டு வயதில் டெங்கு காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் மளமளவென்று இறங்க, நாலு நாள் ஆஸ்பத்திரியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏழுமலையானே, பிள்ளை பிழைச்சு வந்தா உன் மலைக்கு நடந்தே வர்றேன்" என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்தான். பள்ளிக்கூடம் போனான். என்னைவிட உயரமாகவும் வளர்ந்துவிட்டான். நான்தான் நடக்கவில்லை!

வருஷம் ஆறு ஓடிவிட்டது. வருஷத்துக்கு ஒரு சாக்கு. உண்மைக் காரணம் என் உடம்பு. வயது 44, எடை 78 கிலோ. துணி உலர்த்த மொட்டைமாடிக்கு 22 படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். "பஸ்ஸுலயே போயிட்டு வந்துடும்மா. பெருமாள் கோவிச்சுக்கவா போறார்?" என்றார் மாமியார். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்தான். ஆனால், சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாதவள் என்று எனக்கே என் மேல் ஒரு வெட்கம். அது என்னைத் தூங்கவிடவில்லை.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3550 படிகள். என் மகள் உடனே கணக்குப் போட்டாள். "நம்ம மொட்டைமாடியை 161 தடவைக்கு மேல ஏறணும்மா!" எனக்குத் தலை சுற்றியது.

ஜப்பானில் ஒரு தாய்

அந்தச் சமயத்தில்தான் மகள் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு புத்தகத்தில் ஜுன்கோ தபெயைப் பற்றிப் படித்தேன். எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய முதல் பெண்மணி. 1939-ல் பிறந்தவர். சின்ன வயதில் 'நோஞ்சான் குழந்தை' என்று பெயர் வாங்கியவராம்! 10 வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஒரு மலைக்குப் போனதில் ஆரம்பித்தது அவருடைய ஆசை. 1969-ல் பெண்களுக்கென்றே ஒரு மலையேறும் சங்கம் தொடங்கினார். எவரெஸ்ட் பயணத்துக்கு உதவி கேட்டுப் போன இடங்களில், 'வீட்டில் பிள்ளையை வளர்க்க வேண்டியதுதானே' என்றார்கள். பியானோ சொல்லிக் கொடுத்துப் பணம் சேர்த்தார். பழைய கார் சீட் உறைகளை வெட்டி, தண்ணீர் புகாத பைகளைத் தைத்துக்கொண்டார்கள். பழைய புடவையைத் தூக்கி எறிய மனம் வராத நம்மைப் போலத்தான்!

1975 மே 4-ந் தேதி, சுமார் 6300 மீட்டர் உயரத்தில் கூடாரத்தில் இருந்தபோது பனிச்சரிவு வந்து மூடியது. பனிக்கடியில் நினைவிழந்து கிடந்தவரை ஷெர்ப்பா வழிகாட்டி தோண்டி வெளியே இழுத்தார். அடிபட்ட உடம்பு. ஆனாலும் பன்னிரண்டாம் நாள், மே 16-ந் தேதி, உச்சியில் நின்றுவிட்டார்! அப்போது அவருக்கு வயது 35. வீட்டில் சின்னஞ்சிறு பெண் குழந்தை. 2012-ல் புற்றுநோய் என்று தெரிந்த பின்னும் மலையேறுவதை அவர் விடவில்லை. 2016-ல் காலமானார்.

அவசரப்பட்டேன், அவதிப்பட்டேன்

படித்த சூட்டோடு மறுநாளே மொட்டைமாடிக்குப் பத்து தடவை ஏறி இறங்கினேன். மூன்றாம் நாள் முழங்கால் பூசணிக்காய்! என்னவர் ஒன்றும் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

"ஏறாதீங்கன்னு நான் சொல்லலை. அவசரப்படாதீங்கன்னுதான் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. அப்புறம்தான் யோசித்தேன். தபெயின் பன்னிரண்டு நாட்களைப் பார்த்து வியந்த நான், அதற்குப் பின்னால் இருந்த 25 வருஷப் பழக்கத்தைப் பார்க்கத் தவறிவிட்டேனே!

வலியில் இரண்டு வகை உண்டாம். பழக்கமில்லாத வேலை செய்தால் தொடையிலும் ஆடுதசையிலும் மறுநாள் வருகிற வலி ஒன்று. அது ஓரிரு நாள் இருந்து அடங்கிவிடும். தசை பலப்படும்போது வருவது. மூட்டில் சுருக்கென்று குத்துவதும், வீங்குவதும் இன்னொரு வகை. அது எச்சரிக்கை. நெஞ்சு இறுக்கம், தோள், தாடை, முதுகுக்குப் பரவும் வலி, மயக்கம், உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சுத் திணறல் - இவை வந்தால் ஒரு படிகூட ஏறக் கூடாது; உடனே ஆஸ்பத்திரி. பிரசவமான இளம் தாய்மார்களும், முக்கியமாக ஆபரேஷன் ஆனவர்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

களைப்பு மட்டும் வேறு விஷயம். நம் மூளை ஒரு கெட்டிக்காரக் குடும்பத் தலைவி! பானையில் இரண்டு படி அரிசி இருக்கும்போதே 'அரிசி தீர்ந்துபோச்சு' என்று குரல் கொடுத்துவிடும். அந்த மிச்ச அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பழகுவதுதான் பயிற்சி.

ஒரு மாதம் வெறும் நடை. விடிகாலையில் 15 நிமிஷத்தில் ஆரம்பித்து 40 நிமிஷம் வரை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது - அதுதான் சரியான வேகமாம்! பிறகு மாடிப்படி: முதல் வாரம் மூன்று தடவை, மறு வாரம் நாலு. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. எட்டு மாதத்தில் 30 தடவை ஏற முடிந்தது. எடையும் 70-க்கு வந்தது.

அந்த நாள்

விடியற்காலை 5 மணிக்கு அலிபிரியில் தேங்காய் உடைத்துவிட்டு ஏறத் தொடங்கினோம். காலி கோபுரம் வரை ஏற்றம் கடுமை. ஆயிரம் படி தாண்டியதும் கால் இரண்டும் மரத்துப் போய், உட்கார்ந்து அழுதேவிட்டேன். "போதும்மா, திரும்பிடலாம்" என்று பையனே கெஞ்சினான்.

அப்போது என் பக்கத்தில் ஒரு பாட்டி. படிக்குப் படி குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து ஏறிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து மலையைப் பார்க்கவில்லை. நானோ ஏறியதிலிருந்து கோபுரத்தையேதான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்! கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். 22 படி, ஒரு மொட்டைமாடி. நின்று மூச்சு வாங்கினேன். இன்னொரு 22 படி...

மான் பூங்காவைத் தாண்டி, கடைசியில் முழங்கால் முறிச்சான் ஏற்றத்தைக் கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. இளவட்டங்கள் மூன்று மணி நேரத்தில் ஏறுவதை நான் எட்டு மணி நேரத்தில் ஏறினேன். அதனால் என்ன? இறங்கும்போது முழங்காலுக்குப் பாரம் அதிகம் என்பதால் திரும்புகையில் பஸ்தான்!

அந்த மலை என்னை என்ன செய்தது தெரியுமா? போன மாதம் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இத்தனை வருஷமும் "எனக்கு அதெல்லாம் வராதுங்க" என்று தட்டிக் கழித்த விஷயம். இரண்டு தடவை விழுந்தேன். முட்டியில் சிராய்ப்போடு எழுந்தபோது, ஆயிரமாவது படியில் அழுதவள் ஞாபகத்துக்கு வந்தாள். அவளே எழுந்து நடந்தாளே!

முழங்கால் வலி எனக்கு முழுசாகப் போய்விடவில்லை. போனது வேறு ஒன்று. 'என்னால முடியாது' என்பதை இப்போதெல்லாம் முயன்று பார்க்காமல் நான் சொல்வதில்லை.

உங்கள் மலை எதுவோ, எனக்குத் தெரியாது. ஆனால், நாளைக்குத் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போவீர்கள் அல்லவா? அங்கிருந்தே ஆரம்பியுங்களேன்!