கொச்சியில் ஏழு மணி நேரம்

குடும்பத்தோடு பிரயாணம் செய்வது மும்பைவாழ் தமிழர்களுக்குப் புதிதன்று. கோடை விடுமுறை தோறும் மூட்டை முடிச்சுகளோடும் புளியோதரைப் பொட்டலங்களோடும் ரயிலேறி ஊருக்குச் சென்று பழகியவர்கள் நாம். ரயிலில் இறங்க வேண்டிய ஊர் ஒன்றே. இறங்கிய பிறகு அவசரமும் இல்லை. கப்பற் பிரயாணம் அத்தகையதன்று. பருவமழை ஓய்ந்த மாதங்களில் மும்பையிலிருந்து கோவா, கொச்சி, இலட்சத்தீவு ஆகிய இடங்களுக்குச் செல்லும் உல்லாசக் கப்பல்களில் அண்மைக் காலமாக நம் குடும்பங்கள் பலவும் போய் வருகின்றன. இடைத் துறைமுகத்தில் கப்பல் நிற்பது சில மணி நேரமே. அந்தச் சிறு பொழுதைப் பெரிய குடும்பம் ஒன்று எங்ஙனம் செலவிட வேண்டும் என்பதை நாங்கள் ஒருமுறை தவறியும், மறுமுறை திருந்தியும் கற்றுக்கொண்டோம். அந்த அனுபவத்தை நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் கூட்டம் 19 பேர் கொண்டது. மூத்தவர் 81 வயதான ஆச்சி. இளையவள் 3 வயதுக் கொள்ளுப்பேத்தி. இடையே முழங்கால் வலியுள்ள பெரியப்பாவும், சர்க்கரை நோயினால் வேளை தவறாமல் உண்ண வேண்டிய அத்தையும் உண்டு. முந்திய ஆண்டு கோவாவில் இறங்கியபோது, "எல்லோரும் சேர்ந்தே போவோம், அதுதானே குடும்பம்" என்று ஒரே பேருந்தில் ஏறினோம். ஓரிடத்தில் குழந்தைக்குப் பசி. இன்னோரிடத்தில் இளைஞர்களைக் காணவில்லை. ஒருவருக்காகப் பதினெட்டுப் பேர் காத்திருந்ததிலேயே பாதிப் பொழுது கழிந்தது. கடைசியில் ஏணி எடுப்பதற்குச் சில நிமிடங்களே இருக்கையில் மூச்சிரைக்கக் கப்பலை அடைந்தோம். அன்றிரவு ஆச்சி, "நான் பார்த்ததெல்லாம் அந்த வண்டியோட சன்னல் கம்பிதான்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் எங்களில் பலருக்கு அன்று உறக்கம் வரவில்லை.

ஆகவே கொச்சிப் பிரயாணத்துக்கு மூன்று வாரம் முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினோம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, முதலில் கடிகாரத்தை எடுத்துக்கொண்டோம். கப்பல் புறப்படும் நேரம் வேறு. பிரயாணிகள் கடைசியாக ஏறிவிட வேண்டிய நேரம் வேறு. நாம் மனத்தில் இருத்த வேண்டியது பின்னதையே. எங்களுக்குக் காலை 8 மணிக்குக் கப்பல் கரை சேரும். பிற்பகல் 3 மணிக்குள் ஏறிவிட வேண்டும். இறுதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டோம். 2 மணிக்குத் துறைமுக வாயில்; அதற்கு 1.15க்கு வண்டி புறப்பாடு, 12.15க்கு உணவு. காலையில் இறங்கி, ஆள் எண்ணி, வண்டியேறவே 9 ஆகிவிடும். அக்கரை சேர 9.30. ஏழு மணி நேரம் என்று எண்ணியிருந்ததில், பார்ப்பதற்கென்று மிஞ்சியது மூன்று மணிக்கும் குறைவே! இந்தக் கணக்கைக் கண்டதும் பன்னிரண்டு இடங்கள் கொண்ட பட்டியல் தானாகவே சுருங்கிற்று.

கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் சென்றால், தாமதமானாலும் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். தாமே வண்டி பேசிச் செல்வோர்க்கு அந்தச் சலுகை இல்லை. நாங்கள் தனி வண்டிகளையே விரும்பினோம். ஆகவேதான் வாயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வரும் விதியை வகுத்துக்கொண்டோம்.

அடுத்து, கூட்டத்தை மூன்றாகப் பிரித்தோம். வயதைக் கொண்டன்று, நடையைக் கொண்டும் விருப்பத்தைக் கொண்டும் பிரித்தோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர், ஒரு வண்டி. பெரிய பேருந்து மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களுக்கு ஏற்றதன்று. ஒவ்வொருவர் பையிலும் அடையாள அட்டை, கப்பல் அட்டை, தண்ணீர், மருந்து ஆகியவற்றுடன், குழுத் தலைவர், துறைமுக முகவர் ஆகியோரின் தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்தோம். கைப்பேசியின் மின்சாரம் தீர்ந்தாலும் காகிதம் தீராது.

கப்பல் நின்ற வில்லிங்டன் தீவே ஒரு பாடம். துறைமுகம் அமைக்க 1920இல் வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர், காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொண்டே உருவாக்கிய தீவு அது. 1928 மே 26 அன்று உட்துறைமுகத்துள் முதலில் நுழைந்த 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து வந்ததே. இதைக் குழந்தைகளுக்குச் சொன்னபோது, தாங்களே அந்தக் கப்பலில் வந்ததுபோல் மகிழ்ந்தனர்.

முதற் குழு ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்குச் சென்றது. சீன வலைகளின் ஒரு முனையில் கயிற்றில் கட்டித் தொங்கும் கற்களே எதிர்ப்பாரமாக நின்று அப்பெரும் வலையைத் தூக்க உதவுகின்றன என்பதைச் சிறுவர்கள் கண்ணாரக் கண்டனர். அருகிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த இடத்தையும் பார்த்தனர். இரண்டாம் குழு மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களையும், 1568இல் கட்டப்பட்ட யூதர் ஆலயத்தின் நீலச் சீன ஓடுகளையும் கண்டது. அரண்மனை வெள்ளிக்கிழமையிலும் யூதர் ஆலயம் சனிக்கிழமையிலும் மூடியிருக்கும். கப்பல் சேரும் கிழமையை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம். அரண்மனையில் மாடிப்படி உண்டென்பதால் பெரியப்பா அக்குழுவில் சேரவில்லை.

மூன்றாம் குழுவில் ஐவர். எங்கே போகலாம் என்று ஆச்சியையே கேட்டோம். "அங்கே நம்ம தமிழ் ஆளுங்க துணி வெளுக்கிற இடம் இருக்காமே, அதைப் பார்க்கணும்" என்றார். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் தொழில் செய்யும் 'தோபி கானா' ஃபோர்ட் கொச்சியில் இருக்கிறது. தனித்தனித் துவைகல் தொட்டிகள். வெளியே முறுக்கிய கயிறுகளின் இடையே செருகி உலர்த்திய வெள்ளைத் துணிகள். உள்ளே வரிசையாக இஸ்திரி மேசைகள். மடக்கு நாற்காலியைச் சுமப்பதற்காக, சற்று மனத்தாங்கலோடு, 16 வயதுப் பேரனும் உடன் வந்திருந்தான்.

தேய்த்துக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர், "எந்த ஊரு அம்மா?" என்று தமிழிலேயே கேட்டார். "திருநெல்வேலிப் பக்கம். இப்ப பம்பாய்" என்ற ஆச்சி, அனுமதி கேட்டு அந்தக் கரிப்பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். "அதே கனம்" என்றார். பேரன் விழித்தான். 1961இல் பம்பாய்க்கு வந்த தாத்தா, மாதுங்காவில் தெருவோரத்து இஸ்திரிக் கடை வைத்துத்தான் நான்கு பிள்ளைகளையும் படிக்கவைத்தார் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் பிறக்குமுன்பே தாத்தா காலமாகிவிட்டார். நாங்களும் அதை வீட்டில் எடுத்துச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று எங்களையே கேட்டுக்கொண்டால், விடை பெருமைப்படத்தக்கதாக இல்லை.

சிரட்டைக் கரியை ஊதிப் பற்றவைக்கும் பக்குவத்தையும், சட்டைக் காலரை முதலில் தேய்க்க வேண்டிய முறையையும் ஆச்சி அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. அவசரப்படுத்த யாரும் இல்லை. பிற குழுக்கள் தத்தம் வழியில் இருந்தன.

12.15க்கு மூன்று குழுக்களும் குறித்த உணவுவிடுதியில் கூடின. அத்தை வேளைக்கு உண்டார். 1.50க்கே துறைமுக வாயிலில் 19 பேரையும் எண்ணிவிட்டோம். இரவு உணவின்போது ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்ல, காணாதவர் கேட்டனர். அதிகம் பேசியவர் ஆச்சி. அதிகம் கேள்வி கேட்டவன் பேரன்.

பெரிய குடும்பத்தோடு செல்லும் அன்பர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுவே: கடைசி நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள், சேர்ந்து உண்ணுங்கள், பிரிந்து பாருங்கள், எல்லாவற்றிற்கும் முன்னதாக, வீட்டிலுள்ள முதியவரை "எங்கே போகலாம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.